வீட்டையே ஏற்றிக்கொண்ட வேன்

வேங்கிக்கால் பக்கம் இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்து, "பலராமன் வேன்ல வருசா வருசம் ஏரிக்குப் போவீங்களே, குடுத்து வச்சவங்க" என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. யார் கொடுத்து வைத்தவர்கள்? பாய் விரித்துச் சாய்ந்து கிடந்தவர்கள். நானும் என் ஓர்ப்படி ஜோதியம்மாளும் அங்கே போய் வெங்காயம் உரித்தோம்.

பலராமன் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். ஜோதியக்கா அவருடைய மனைவி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். ஏரி நிரம்பினால் இந்தக் கரையில் குதித்து அந்தக் கரையில் ஏறுவாளாம்; அண்ணன் தம்பிகள் பாதியில் திரும்பிவிடுவார்களாம். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபிறகு அவள் பார்த்ததெல்லாம் குழாயடித் தண்ணீர். அதற்கும் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டும்.

எண்பத்தொன்பதில் பலராமன் மாமா பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கினார். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்குவார். அந்தச் சமயத்தில் ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீடு மாதிரியான ஒரு வண்டியில் தங்கியிருந்தார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. மாமா எங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் கட்டிலைத் தட்டிப் பார்த்தார், அடுப்பைத் திருகிப் பார்த்தார். ஜோதியக்கா பார்த்தது வேறு. வண்டிக்கு வெளியே அந்த வெள்ளைக்காரன் குந்திக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மரத்தடியில் புத்தகத்தோடு படுத்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா அதை என் காதில் மட்டும் சொன்னாள். மாமாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவர் தச்சரை வைத்துப் பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகைப் படுக்கை போட்டார். படுக்கைக்கு அடியில் கதவு வைத்த ஒரு பெட்டி. மண்ணெண்ணெய் ஸ்டவ், குண்டா, அரிசி, மசாலா எல்லாம் அதற்குள். வண்டியின் தலையில் தண்ணீர் டிரம். "வீட்டையே வண்டியில ஏத்திட்டேன் சார்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மார் தட்டினார்.

ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் இரண்டு குடும்பமும் நாத்தனார் ராஜம்மாள் குடும்பமுமாக அதில் கிளம்புவோம். செங்கம் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு ஏரி. மழைக்காலம் முடிந்த கையோடு போவதால் தளும்பி நிற்கும். சுற்றிலும் காடு. ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் திரும்புவது வழக்கம். ஊரெல்லாம் நாலு இடத்தைக் காணப் போகிற நாளில் நாங்கள் இரண்டு பேரும் கண்டது ஸ்டவ்வைத்தான். இறங்கியதும் டீ. அப்புறம் கறிக்குழம்பு. ஆம்பளைகள் தொட்டுக்கொள்ள வறுவல். முதல் பந்தியில் அவர்களும் பிள்ளைகளும், அடுத்தது ராஜம்மாள். நாங்கள் குண்டாவை வழித்துச் சாப்பிட உட்காரும்போது முதல் பந்தி தூங்கி எழுந்து மறுபடி டீ கேட்கும்.

"ஏரியில ஒரு முழுக்கு போட்டுட்டு வரட்டுமாங்க?" என்று அக்கா ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்.

"மொதல்ல வேலய முடி" என்பார் மாமா.

வேலை முடியும்போது பொழுதும் முடிந்திருக்கும். பாத்திரம் கழுவ மட்டும் அதே ஏரியில் இறங்குவோம். பத்து வருஷமாக அந்த ஏரி அவளுக்குக் கணுக்கால் ஆழம்தான்.

இரண்டாயிரமாவது வருஷப் பொங்கலுக்குத் தண்ணீர் மொள்ளப் போனவள், குடத்தைக் கரையில் வைத்துவிட்டு முழங்கால் வரை இறங்கிவிட்டாள். மாமா மேலேயிருந்து கத்தினார். "ஏய், அடுப்புல வறுவல் தீயுது. உனுக்கு இன்னா இப்ப குளியல் கேக்குது?"

"அம்மாவுக்கு நீஞ்சத் தெரியுமா?" என்று கேட்டான் அவள் மகன் மாறன். காலேஜ் படிக்கிறவனுக்குத் தன்னைப் பெற்றவளைப் பற்றி இதுகூடத் தெரியவில்லை.

"கொழம்பு குண்டாவுல நல்லா நீஞ்சுவா" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஊர் திரும்பும்வரை அவரோடு நான் பேசவில்லை. அக்கா புடவையைப் பிழிந்துகொண்டு வந்து கரண்டியைப் பிடித்தாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த வருஷமும் வந்தது. வண்டியில் சாமான் ஏற்றுவது எப்போதும் அவள் வேலை. அத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டிக் கதவை எங்கள் இரண்டு பேரைத் தவிர எவரும் தொட்டதில்லை. செய்து வைத்த மகராசனே தொட்டதில்லை.

"எல்லாம் ஏத்தியாச்சா?" என்று மாமா டிரைவர் சீட்டிலிருந்து கேட்டார்.

"வேண்டியது ஏத்தியாச்சு" என்றாள் அக்கா.

ஏரிக்கரையில் வண்டி நின்றது. மாமா வழக்கம்போலப் பாயில் சாய்ந்து, "டீ போடு" என்றார். அக்கா பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே ஒரு துண்டும் ஒரு மாற்றுப் புடவையும் இருந்தன. மற்றபடி பெட்டி காலி.

"ஸ்டவ் எங்கடி?"

"வீட்ல."

"அரிசி?"

"அதுவும் வீட்லதான் கீது. இத்தினி வருசமா வீட்டையே ஏத்தினு வந்தீங்க. அதான் நான் எங்கயும் போவவேயில்ல. இந்த தபா வீட்ட வீட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்."

மாமா எழுந்து கையை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். "அடிச்சா சோறு வந்துடுமா மாமா?" என்று கேட்டேன். அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "புள்ளைங்கள பட்டினி போடறாளே, இவ ஒரு பொம்பளயா?" என்று ராஜம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். அதற்குள் அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அப்புறம் தலை மட்டும் தெரிந்தது.

ஐம்பதை நெருங்குகிறவள், கையை வீசி வீசிப் போனாள். மாமாவுக்கு நீச்சல் தெரியாது. கரையோடு முன்னும் பின்னும் ஓடி "ஜோதி, ஜோதி" என்று கூப்பிட்டார். அவள் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதேயில்லை, என்றைக்கும் 'ஏய்'தான். மாறன் திறந்த வாய் மூடாமல் நின்றான். அக்கா அந்தக் கரையில் ஏறி, ஒரு பாறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடியை அவிழ்த்து உதறினாள்.

பசி எடுத்தபிறகு ஆண்கள் செங்கம் போய்ப் பரோட்டா வாங்கி வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கா இத்தனை வருஷம் எங்கள் முதுகை ஒடித்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மாசியில் மாமா வேனை விற்றார். "இஞ்சின் போயிடுச்சு" என்று ஊரில் சொன்னார். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி வந்து சமையல்கட்டில் போட்டார்; ஸ்டவ்வும் அரிசியும் மறுபடி அதற்குள் போயின.

அடுத்த காணும் பொங்கலுக்கு அக்காவும் நானும் செங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். கையில் ஆளுக்கொரு துண்டு, ஒரு மாற்றுப் புடவை. மாமா வாசலில் வந்து நின்று, "அப்ப மத்தியானச் சோத்துக்கு?" என்றார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க செஞ்ச பொட்டிதான? கதவு கீது, தெறந்து பாருங்க."