வயிறு உள்ளது வரிசையில் நிற்கட்டும்

அழுகிற பிள்ளை எதுவானாலும் என் கையில் கொடுத்துப் பாருங்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் சிரிக்க வைத்துவிடுவேன். ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்க இந்த விஷயத்தில் எனக்குப் பெயர் உண்டு.

பொய். என் வீட்டிலேயே பிள்ளைகள் என் மூஞ்சியைப் பார்த்தால்தான் அழ ஆரம்பிக்கும். கடைசிப் பயல் பிறந்த அன்று கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் இறுக மூடிக்கொண்டான். "விவரம் உள்ள பிள்ளையாக்கும்" என்றாள் பேறு பார்க்க வந்தவள். ஆரியசாலையில் எனக்கு இருக்கிற பெயர் வேறு. அதை அச்சில் போட முடியாது.

மூட்டை தூக்குவது என் தொழில். பள்ளிக்கூட வாசலை நானும் பார்த்திருக்கிறேன், ஒருமுறை அங்கே சுண்ணாம்பு இறக்கப் போனபோது. எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் சாக்கின் மேல் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பார்த்துத்தான். அதனால் இதில் பிழை இருந்தால் பழி சாக்குக்குப் போகட்டும்.

பர்மா அரிசி வராமல் போன யுத்த காலம். நான் சுமை இறக்கிக்கொண்டிருந்த மண்டி ரேஷன் கடையாக மாறிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் அரிசி வரும். அட்டை எல்லார் கையிலும் இருந்தது. அரிசிதான் எல்லாருக்கும் இல்லை. வரிசையில் பாதிப் பேருக்கு நாழியில் அளந்து போடுவதற்குள் சாக்கு காலியாகும். மீதிப் பேர் மரச்சீனிக் கிழங்கு தேடிப் போகவேண்டும், அதுவும் கிடைத்தால்.

ஒரு நாள் முதலாளி என் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்தார். "வேய், மூட்டை இறக்கியாச்சுல்லா? சும்மா நிக்கதுக்கு இந்த வரியைப் பாத்துக்கிடும். ஒருத்தனையும் இடையில விடாதேயும்."

அன்றைக்கு நான் திவானுக்கு அடுத்தபடி. பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற நடையைப் பார்த்து வண்டிமாடுகளே வழிவிட்டன என்று சொல்லலாம், சொன்னால் அதுவும் பொய்.

வரிசையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. விடியுமுன்பே வந்து ஒரு கல்லை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். கல், உடைந்த சட்டி, சிரட்டை, ஒற்றைச் செருப்பு, எல்லாம் ஓர் ஆளுக்குச் சமம். கடை திறக்கும்போது நிற்கிற மனிதர்களைவிடக் கிடக்கிற கற்கள் அதிகமாக இருக்கும். என் கல்லை நகர்த்தினாய், உன் சிரட்டை இங்கே இல்லவே இல்லை என்று அடிதடியும் நடக்கும். அதை ஒழிக்கிறேன் பார் என்று நான் ஒரு சாக்கின் மேல் ஏறி நின்றேன்.

"கல்லுக்கு வயிறு உண்டா? சிரட்டைக்குப் பசிக்குமா? வயிறு உள்ளது எதுவோ அது வந்து வரியில நிக்கட்டும். இல்லைன்னா அரிசி கிடையாது!"

வரிசை முழுவதும் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் என் பெண்டாட்டிக்கும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"காலம்பற வேலைக்குப் போறவ என்ன செய்வா?" என்றாள்.

பெண்டாட்டி சிரிக்காத தமாஷ்தான் நல்ல தமாஷ் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடுத்த அரிசி நாளில் ஒருத்தி ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு மூன்று வயது இருக்கலாம். இடுப்பில் கறுப்புக் கயிறு, அதற்கு மேலே வயிறு, மற்றதெல்லாம் எலும்பு.

"அண்ணாச்சி, இனி கல்லு வைக்கப்பிடாதுன்னு சொல்லிட்டியளாமே?"

"ஆமா. சட்டமாக்கும்."

"இவளுக்கு வயிறு இருக்கு. பாத்துக்கிடுங்க." குழந்தையின் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "கோட்டைக்குள்ள ஒரு வீட்டுல பாத்திரம் விளக்குகேன். எசமான் ஆபீசுக்குப் போறதுக்கு முன்ன போய் விளக்கிப் போடல்லைன்னா நாளையிலேர்ந்து வரண்டாம்பாங்க. ஒரு ஓட்டம் போயிட்டு வந்திருதேன். இவ நிப்பா."

அவளுக்குப் பின்னால் நின்றது பப்படம் இடுகிற ஒரு அக்கா. நாக்குக் கொஞ்சம் நீளம், வீட்டில் பிள்ளைகளும் கொஞ்சம் அதிகம்.

"அப்ப நாங்க எல்லாம் வேலைவெட்டி இல்லாம நிக்கமாக்கும்?" என்றாள் அந்த அக்கா.

நான் பிரம்பை ஆட்டினேன். "வயிறு இருக்கே அக்கா, என்ன செய்ய? நிக்கட்டும்."

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். ஒரே தமாஷை இரண்டு முறை விற்றவன் நான். தாய்க்காரி அரிசி வாங்குகிற துணிச் சஞ்சியைக் குழந்தையின் கையில் கொடுத்து, "இதுலேயே நில்லு மக்கா, அம்மை இப்ப வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கிழக்கே பார்த்த கடை. எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் மட்டும் கொஞ்சம் நிழல் இருந்தது, வரிசை அங்கே இல்லை. குழந்தை சஞ்சியைத் தலைமேல் போட்டுக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, அம்மா பிடிக்கச் சொன்னபடி இறக்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு வண்டிமாடு போகிற போக்கில் அதன் தலையை முகர்ந்தது. குழந்தை கண்ணை மூடிக்கொண்டது, காலை எடுக்கவில்லை.

வரிசை பேசத் தொடங்கிற்று.

"இப்படியும் ஒரு தள்ளை உண்டா? நாய்கூட குட்டியை இப்படி விட்டுட்டுப் போவாது."

"அவ வரல்லைன்னா இந்தச் சவத்தை ஆரு கொண்டுபோவா?"

"வரி பாக்குத அண்ணாச்சிதான். வயிறு இருக்குன்னு சேத்தவரு அவருல்லா!"

"அவரு பெண்டாட்டி வாசல்லயே ரெண்டு பேரையும் சேத்து அடிப்பா."

பேசினவர்கள் ஒருவரும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடும். இடம் போகாமல் நகரக்கூடிய ஒரே ஆள் நான். அந்தப் பிரம்பு அப்போதுதான் கையில் கனத்தது. நிழலுக்குக் கொண்டுபோனால் அவள் இடம் போகும், இடம் போனால் அரிசி போகும். விட்டால் பிள்ளை விழும். பெற்றவள் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து எடுக்க நான் யார்? சரி, எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் நான் யார்? இந்தக் கேள்விக்கு எந்தச் சாக்கிலும் பதில் குத்தியிருக்கவில்லை.

குழந்தையின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. உதடு வெள்ளையாகிவிட்டது. நான் பிரம்பைப் போட்டுவிட்டுத் தூக்கிவிட்டேன்.

தூக்குவதற்கு முன் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். மூட்டைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து அவள் நின்ற இடத்தில் வைத்தேன். "இது என் தலைக்குச் சமம். ஒருத்தரும் தாண்டப்பிடாது" என்று சொன்னேன்.

பப்பட அக்கா சும்மாட்டைக் குனிந்து பார்த்தாள். "அண்ணாச்சி, இதுக்கு வயிறு இருக்கா?"

சந்து முழுவதும் சிரித்தது. சொன்னால் வெட்கம், நானும் சிரித்தேன். என் தமாஷ் அல்லவா, என்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அக்கா சும்மாட்டைத் தாண்டி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் வைத்தார்கள்.

குழந்தை நிழலில் உட்கார்ந்து நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தது. ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தேன். அதை நக்கிக்கொண்டே தன் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலாளி கடைசிச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினபோதுதான் தாய்க்காரி வந்தாள். கையில் பாத்திரம் விளக்கின சாம்பல் காயக்கூட இல்லை. வரிசையில் தன் இடத்தைத் தேடினாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு குழந்தையை.

"வெயிலு தாங்கல்ல பிள்ளைக்கு. விழப் பாத்துது" என்றேன்.

"வெயிலு சுடும்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு சொல்லியிருப்பேன். "கொஞ்சம் கறுத்திருப்பா. விழுந்தா எந்திச்சிருப்பா. இப்ப இந்த ஒரு வாரம் நான் இவளுக்கு என்னத்தைப் பொங்குவேன்?"

தரையில் சிந்துகிற அரிசியைக் கூட்டி எடுத்துக்கொள்வது சுமைக்காரனுக்கு உள்ள பாத்தியதை. சணலும் கல்லும் கலந்து கிடந்ததைக் கூட்டி அவள் முந்தானையில் போட்டேன். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அவள் இல்லை. போகும்போது குழந்தையின் முகவாயைப் பிடித்து, என் முன்னாலேயே சொன்னாள்:

"இனி ஆரு விளிச்சாலும், ஆரு தூக்க வந்தாலும், நீ இடத்தை விட்டு மாறப்பிடாது. கேட்டியா?"

குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிற்று.

அடுத்த அரிசி நாளிலும் அது வந்து நின்றது. அன்று வானம் மூடிக்கொண்டு வந்து மழை கொட்டிற்று. எல்லாரும் அவரவர் இடம் அவரவருக்கே என்று கத்திப் பேசி முடிவு செய்துகொண்டு கடைச் சாய்ப்புக் கூரைக்கு அடியில் ஓடினார்கள். பெரியவர்களின் அந்த ஒப்பந்தம் குழந்தைக்குத் தெரியாது. நடுச் சந்தில் தனியாக, சஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது.

"இங்க வா மக்கா! இடம் போவாது, வா!" என்று கூப்பிட்டேன். நான் ஒரு அடி வைத்ததும் அது தரையில் உட்கார்ந்து, காலடியில் சாக்கடையை மூடியிருந்த கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறிற்று. எந்தப் பிள்ளையும் என் கையில் சிரிக்கும் என்று முதலில் சொன்னேனே, அந்தப் பிள்ளை இப்படித்தான் சிரித்தது.

தூக்கவில்லை. ஒரு காலிச் சாக்கை மடித்து அதன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சாய்ப்புக்குள்ளிருந்து ஒருவன், "மகாராசாவுக்குப் பிடிக்குத குடையாவோய் அது?" என்றான்.

"ஆமா, நீ முன்னால செண்டை கொட்டு" என்றேன்.

சாக்கு எவ்வளவு மழையைத் தாங்கும்? இரண்டு பேரும் ஒரே மாதிரி நனைந்தோம். ஆனால் அவள் இடம் போகவில்லை. தாய் வந்தாள், அரிசி கிடைத்தது, என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வீட்டுக்குப் போய் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன்: "தூக்கப்பிடாது கேட்டியா, பக்கத்துல நிக்கணும். அதாக்கும் வித்தை." அவள் என் துண்டைப் பிழிந்துகொண்டே, "பிள்ளைக்கு ஆரு தலை துவட்டினா?" என்று கேட்டாள்.

அதற்கடுத்த வாரம் தாய்க்காரி தனியாக வந்தாள். வரிசையில் நின்றாள், ஆனால் நிற்கமுடியவில்லை. நான் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "காய்ச்சல் அண்ணாச்சி. கண்ணே தொறக்கல்ல. வீட்டுல தனியாக் கெடக்கா, வாசலைக் கயிறு வச்சுக் கெட்டிட்டு வந்திருக்கேன். என்னை ஒண்ணு முந்தி விடுவியளா?"

முந்தி விட்டால் முதலாளி என்னை நிரந்தரமாகப் பிந்தி விடுவார். நான் வரிசையைப் பார்த்தேன். எல்லார் காதிலும் விழுந்திருந்தது, எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"நீ போ. சஞ்சியும் அட்டையும் தா. நான் கொண்டுவாறேன்" என்றேன். சஞ்சியை அவள் இடத்தில் வைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தேன். என்னிடமிருந்து பிரம்பைப் பிடுங்கி நாலு போடுவார்கள் என்று நினைத்தேன். வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வரிசை நகரும்போதெல்லாம் பப்பட அக்கா அந்தச் சஞ்சியை முன்னால் தள்ளினாள். காலால்தான் தள்ளினாள். ஆனால் தள்ளினாள்.

கிள்ளியாற்றுப் பக்கத்தில் ஓலைக் குடிசை. குனிந்து நுழைந்தேன். தாய் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுக் குழந்தை கண்ணைத் திறந்தது. நான் யாரென்று தெரிந்துவிட்டது. கிடந்த கோரைப்பாயின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"தூக்க வரல்லே மக்கா," என்றாள் தாய். "மாமா அரிசி கொண்டுவந்திருக்கு. உன் இடம் போவல்ல."

கை தளரவில்லை. நான் அரிசியை வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்தேன். அந்த மழைக்காலத்தில் அந்தக் கரையில் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகள் பல. எழுந்தவை கொஞ்சம். இவள் எதில் சேர்ந்தாள் என்பதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் தமாஷ் பேசிக்கொண்டு சுற்றி வந்தேன். அதற்கு அடுத்த அரிசி நாளில், நான் வரிசையில் அந்த இடத்தை—

"கேட்டியளா! எழுதிக் கிழிச்சது போதும். அடுத்த வீட்டுப் பிள்ளை கிணத்தங்கரையில தனியா நிக்குது. அதுக்க அம்மை கடைக்குப் போயிட்டா போலிருக்கு. எனக்கு அடுப்புல எண்ணெய் கெடக்கு, ஓடிப் போயிப் பாருங்க!"

என் பெண்டாட்டி. நல்லவேளை கூப்பிட்டாள். போகிறேன். கிணற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நிற்கவேண்டும். தூக்குவதா, அதன் அம்மா வருகிறவரைக்கும் நிற்க மட்டும் செய்வதா என்று அங்கே போய்த்தான்—