ஞானசீலன் வீட்டுத் தேத்தண்ணி

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது எனக்கு நடந்தது. போன நவம்பரில், கோத்தகிரியில், பட்டப்பகலில்.

என் பெயர் அருண்பிரசாத். மஞ்சூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டேஸ்டர். டீயைக் கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்ப வேண்டும். விழுங்கவே கூடாது. நாள் முழுக்க விழுங்கினால் நாக்கும் போகும், வயிறும் போகும். பல வருஷ வேலையிலும் அந்தத் தொட்டியின் நாற்றம் மட்டும் எனக்குப் பழகவில்லை. யார் துப்பினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

குன்னூரில் ஒரு பெரிய கம்பெனியில் எனக்கு டெஸ்ட் இருந்தது. பாஸானால் இரண்டு மடங்கு சம்பளம். அதற்கு முந்தின நாள் கோத்தகிரியில் எழுத்தாளர் ஞானசீலன் நினைவு இல்லத்துக்குப் போனேன். அவரும் டேஸ்டர்தான். அவர் கதையில் யாராவது டீ குடித்தால் படிக்கிறவனுக்கு நாக்கு ஊறும். அவர் கரண்டியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தால் ராசி என்று எனக்கு ஒரு கிறுக்கு.

மணி நாலு பத்து. நல்ல மூடுபனி. அவர் மகள் எல்சா கதவைத் திறந்துவிட்டார்.

"கரண்ட் போயிருச்சுங்க. பின்னால ஊட்டுல மெழுகுவத்தி இருக்குது, எடுத்துட்டு வாறேன். நீங்க பார்த்துட்டு இருங்க."

முன்னறையில் புத்தகங்கள், கண்ணாடி, ஸ்வெட்டர். உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

ஸ்ஸ்ர்ர்ப்...

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, ப்ளச்.

எனக்குத் தெரியாத சத்தமா? யாரோ டேஸ்ட் பார்க்கிறார்கள் என்று உள்ளே போனேன்.

யாரும் இல்லை.

நீள மேஜை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், எல்லாம் காலி. கடைசிக் கோப்பையில் மட்டும் பால் ஊற்றிய டீ. பக்கத்தில் அவர் கரண்டி. எனக்காக எல்சா ஊற்றி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கரண்டியை எடுத்தேன். பிசுபிசுத்தது. பழக்கதோஷம்... யோசிக்காமல் உறிஞ்சிவிட்டேன்.

சூடாக இல்லை. ஆறியும் இல்லை.

வாய்ச்சூடு.

கொழகொழவென்று நாக்கில் ஒட்டியது. கரண்டியிலிருந்து என் உதடு வரை நூல் மாதிரி இழுத்தது. புளிப்பு, சீழ் வாடை, பல் தேய்க்காத வாயின் நாற்றம்...

அது டீ இல்லை. யாரோ வாயில் உருட்டித் துப்பியது.

ச்சீ!

மூலையில் இருந்த துப்பும் தொட்டிக்கு ஓடினேன். உள்ளே நுரை. ஈரம். இப்போதுதான் துப்பிய ஈரம்.

குனிந்தேன். துப்ப முடியவில்லை.

உதடு திறக்கவில்லை.

இறங்கியது...

என் காதோரம் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். "ஆஆ..."

வெளிச்சம் வந்தது. வாசலில் எல்சா, கையில் மெழுகுவத்தி.

"குளிருதுங்களா? தேத்தண்ணி ஊத்திக் கொண்டாரட்டுங்களா?"

கோப்பையைப் பார்த்தேன். உள்ளே தூசி படிந்திருந்தது.

வழியெல்லாம் வாந்தி எடுக்கப் பார்த்தேன். விரலை விட்டும் வரவில்லை.

மறுநாள் டெஸ்ட். முதல் கோப்பையை உறிஞ்சினேன். தொட்டிப் பக்கம் குனிந்தேன். உதடு திறக்கவில்லை. விழுங்கினேன். அடுத்ததும் அப்படியே. பத்துக் கோப்பையும் உள்ளே போனது. "தாகமாப்பா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். மஞ்சூரிலும் அதே கதை. அந்த வேலையும் போயிற்று.

ஆத்திரத்தில் எல்சாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தொண்டையில புத்துநோயுங்க. கடைசி எட்டு மாசம் ஒரு சொட்டு இறங்கல. தேத்தண்ணிய வாயில வெச்சிருந்து துப்பிருவாரு. 'ஒரு வாய் முழுங்கினாப் போதும் எல்சா'ன்னு அழுவாரு. அப்படியேதான் செத்தாரு."

இப்போதும் நான் டீ குடிக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் என் தொண்டை இரண்டு முறை விழுங்குகிறது.

இரண்டாவது முறை விழுங்குவது நான் இல்லை.