ரெஜினாவின் கம்ப்யூட்டரை மெதுவாக்கினேன்

அடுகோடியை விட்டு ஓசூர் ரோட்டைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். மாலை நாலு மணி இருக்கும். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் யோசனை வந்துவிடும். நடந்தால் கால் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஜோலார்பேட்டையில் டீக்கடை, ஹூப்ளியில் லாரி, மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை... அங்கெல்லாம் யாராவது என்னைப் போகச் சொன்னார்கள். அடுகோடியில் மட்டும் நானாகக் கிளம்பினேன்.

காரணம்? பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன். இல்லை.

இது தொண்ணூற்றெட்டில். ஒரு லேத் பட்டறைக்கு மேலே, முதல் மாடியில், ஒன்பது கம்ப்யூட்டர் போட்ட ஒரு டேட்டா என்ட்ரி ஆபீஸ். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு நூலகத்தின் பழைய அட்டைகளைப் பார்த்து டைப் அடிக்க வேண்டும். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வருடம். புரிய வேண்டியதில்லை, எழுத்து தெரிந்தால் போதும். ஒன்பதாவது பெயிலான எனக்கு இதைவிட வசதி ஏது?

அட்டைக் கணக்கில் கூலி. ராத்திரி அங்கேயே பேப்பர் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். அதனால் வேலை போனால் படுக்கையும் போகும்.

சுவரில் ஒரு கரும்பலகை. யார் எத்தனை அட்டை என்று முதலாளி மஞ்சுநாத் சார் தினமும் சாயங்காலம் எழுதுவார். எட்டு மாதம் என் பெயர்தான் மேலே இருந்தது. பிறகு ரெஜினா வந்தாள்.

ரெஜினா கன்டோன்மென்ட் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். சர்ச்சில் பாடுவாள். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பாள் — வாணலியில் கடலை வறுக்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். மூன்றாவது வாரம் என் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கியது.

அதுகூடப் பரவாயில்லை. அவள் அந்தப் பலகையைத் திரும்பியே பார்ப்பதில்லை! ஐந்து மணியானால் பையை எடுத்துக்கொண்டு, "வரேன்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஜெயித்தவள் ஜெயித்ததையாவது பார்க்க வேண்டாமா?

ஒரு திங்கட்கிழமை மஞ்சுநாத் சார் எல்லோரையும் நிற்கவைத்தார். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"இல்லி நோடி. எனக்கு ஒரு சூப்பர்வைசர் பேக்கு, வேணும். ரெண்டு வாரம் பாக்கறேன். யாரு ஜாஸ்தி கார்டு போடறாங்களோ அவங்களுக்கு மாசச் சம்பளம். ஆய்த்தா?"

மாதச் சம்பளம்! இருபத்தேழு வயது வரை நான் வாங்கியதில்லை. மழை பெய்தாலும், ஜுரம் வந்தாலும், கரன்ட் போனாலும் கிடைக்கிற பணம். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பது தெரியும். நம் பக்கம் வந்ததில்லை.

முதல் இரண்டு நாள் ரெஜினா முன்னால் போனாள். நான் அவள் விரல்களைப் பார்க்கவில்லை. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பொறாமைக்காரன் இப்படித்தான் — பக்கத்து ஆளின் திறமை கண்ணில் படாது. அவனுடைய சைக்கிள், அவனுடைய மேஜை, அவனுக்கு விழுகிற வெளிச்சம் இவைதான் படும். 'அவளுக்கு ஸ்பீடான மெஷின் மாட்டிவிட்டது' என்று முடிவு கட்டிவிட்டேன்.

இத்தனைக்கும் அவள் மெஷின் மத்தியானம் சூடு ஏறினால் இரண்டு மூன்று தடவை அப்படியே நின்றுபோகும். ஆஃப் செய்து ஆன் செய்வாள். எப்போது நிற்குமோ என்று பத்து அட்டைக்கு ஒருமுறை சேமித்துவைப்பாள். அதையெல்லாம் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எனக்கு ஒரு வித்தை தெரியும். ஒருமுறை எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து மெஷின் பார்க்க வந்த சலீம் பாய்க்கு டார்ச் பிடித்தபோது கற்றது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெரிய போர்டில் ஊசி ஊசியாகக் கம்பிகள் நிற்கும். அதில் இரண்டை மூடுகிற, நெல்மணி அளவு கறுப்புத் தொப்பிதான் ஜம்பர். அதைப் பிடுங்கி அடுத்த ஊசியில் செருகினால் பிராசஸரின் வேகம் மாறும். எந்த ஊசிக்கு எவ்வளவு வேகம் என்று போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கோயில் உண்டியலைத் திறந்துவைத்த மாதிரி!

புதன்கிழமை, என் மெஷினை 233 மெகாஹெர்ட்ஸிலிருந்து 266 ஆக்கினேன். அன்றைக்கு நான் பறந்தேன்... என்று எனக்குத் தோன்றியது. பலகையில் இரண்டாவது வரிதான்.

அப்புறம்? என்னுடையதை ஏற்றியும் ஆகவில்லை. மிச்சம் இருப்பது அவளுடையதை இறக்குவது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். எல்லோரும் மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். ரெஜினாவின் பெட்டியைத் திறந்து, ஜம்பரை இருப்பதிலேயே தாழ்ந்த ஊசிக்கு மாற்றினேன். 166. நான்கு திருகில் இரண்டை மாட்டும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

ரெஜினா. தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்திருந்தாள்.

"என்னண்ணா பண்றீங்க?"

"இல்ல... ஹேங் ஆவுது ஹேங் ஆவுதுன்னியே. தூசி கீசி இருக்குமோன்னு."

"அய்யோ, சாப்பிடாமயா? முதல்ல மேல வாங்கண்ணா."

தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை எனக்கு எடுத்துவைத்தாள். மீன் ருசியாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். ரெஜினாவின் மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடலை வறுக்கிற சத்தம் காலை முதல் மாலை வரை. என் மெஷினோ மூன்று மணியானால் செத்துவிழும். நான் சேமித்துவைக்கிற ஆள் இல்லை. நாற்பது, ஐம்பது அட்டை ஒரே அடியில் போகும். பலகையில் ஐந்தாவது வரிக்கு வந்துவிட்டேன்.

மெதுவாக்கினேன். வேகமாகிவிட்டாள். எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

கடைசி நாள் மத்தியானம் மஞ்சுநாத் சார் சலீம் பாயைக் கூப்பிட்டார்.

"பாய், நின்ன மெஷின் ஓடுது, ஓடின மெஷின் நிக்குது. ஏனு இது, மாட்டமா?" என்றார். மாட்டம் என்றால் பில்லி சூனியம்.

சலீம் பாய் முதலில் ரெஜினாவின் பெட்டியைத் திறந்தார். விசிறியைக் கழற்றி, பிராசஸரின் தலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அட. இது 166 சரக்கு சாரே. பழைய நம்பரை அழிச்சிட்டு 233-ன்னு புதுசா அடிச்சி எங்க தலையில கட்டிட்டானுங்க. சக்திக்கு மேல ஓடவெச்சா மத்தியானத்துல மயக்கம் போடாம என்ன பண்ணும்? ஆனா யாரோ கரெக்டா 166-க்கு இறக்கி வெச்சிருக்கான். வேலை தெரிஞ்சவன் கை."

அடுத்து என் பெட்டி.

"யா அல்லா. இதை 266-க்கு ஏத்தியிருக்கான். இது எவனோ லூசுப்பய வேலை."

இரண்டு பேரும் நான்தான்.

"டைப் அடிக்கிறதுக்கு எதுக்குப்பா இவ்ளோ ஸ்பீடு?" என்று பாய் சிரித்தார். "166-ஏ ஜாஸ்தி. விரல்தானே ஓடணும்."

அப்போது ரெஜினா எழுந்தாள். "சார், என் மெஷினைச் சரி பண்ணது அண்ணாதான். சாப்பிடாம உக்காந்து பண்ணாரு. நானே பாத்தேன்."

மஞ்சுநாத் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மோவாயைத் தடவினார்.

"மெஷின் பாத்துக்கறவன்தான் சூப்பர்வைசருக்குச் சரி... ஏன்ம்மா ரெஜினா, கார்டு கணக்குல நீதான் ஃபர்ஸ்ட். என்ன சொல்றே?"

அவள் விரல் துப்பட்டா நுனியைச் சுருட்டியது. அவளுக்கும் அந்தச் சம்பளம் தேவை. அப்பாவுக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"அண்ணாவுக்கே குடுங்க சார். அவர் இல்லன்னா நான் இத்தனை போட்டிருக்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாதச் சம்பளம் என்னுடையது. ஆனால் எவளை ஜெயிக்கப் பதினைந்து நாள் தூங்காமல் கிடந்தேனோ, அவள் கொடுத்து நான் வாங்குவதா? தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷத்திலும் பொறாமைதான். இவளுக்கு இதுகூட எவ்வளவு சுலபமாக வருகிறது!

"நான் சரி பண்ணல சார்" என்றேன். "ஸ்லோ பண்ணேன். அவ ஜெயிக்கக் கூடாதுன்னு. எம்மெஷினை ஏத்தனதும் நான்தான்."



ரெஜினா என்னையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ஸ்லோ பண்ணியுமாண்ணா நான் இத்தனை கார்டு போட்டேன்?"

கிண்டல் இல்லை. நிஜமான சந்தேகம். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஓசூர் ரோட்டில் அரை மணி நேரம் நடந்திருப்பேன். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து ஊர்ந்தது. சலீம் பாய்.

"எங்கப்பா போறே?"

"தெரியல பாய்."

"அந்தப் பொண்ணுக்கே சூப்பர்வைசர் வேலையைக் குடுத்துட்டார் உங்க சார். கேட்டியா?"

"கேக்கல."

"வயித்தெரிச்சலா இருக்குதா?"

"இருக்குது."

"இருக்கட்டும். அந்த லாட்டுல வந்த மெஷினு ஊர் பூரா போயிருக்கு. எல்லாம் மத்தியானம் மயக்கம் போடுது. தினம் போன்ல திட்டு வாங்கறேன். காலையில கடைக்கு வா. அந்த ஸ்க்ரூ டிரைவரோட வா."

அன்று ராத்திரி ஸ்ரீராம்புரத்தில் ஒரு பெயின்டர் நண்பனின் அறையில், ஐந்து பேர் படுக்கிற இடத்தில் ஆறாவது ஆளாகப் படுத்தேன். காலையில் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சலீம் பாய் ஒரு சீட்டில் விலாசங்களை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு இடமாகப் போக வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், ஜம்பரை இறக்கி மெதுவாக்கிவிட்டு வர வேண்டும்.

பொறாமையில் ஓசியில் செய்த அதே வேலைதான். இப்போது மாதச் சம்பளம்.