ஒழுங்கையில் மறைந்திருந்த நாலு ஓம்

ஆலங்குடாவில் மிளகாயோ அரிசியோ அரைக்க வேண்டுமென்றால் நிஃப்லாவிடம்தான் போவார்கள். கணவன் வேறு கலியாணம் செய்துகொண்டு அவளை விட்டுப்போன அதே வருடம், வீட்டு முன்னறையில் அரைக்கும் மெசினை வாங்கிப் பொருத்தினாள். பெல்ட் அறுந்தாலும் பெயாரிங் தேய்ந்தாலும் அவளே கழற்றிச் சரிசெய்வாள். "பொம்புளைக்கு ஏன் இந்த வேல?" என்ற கதை காதில் விழும்போதெல்லாம் இன்னொரு வாளி மிளகாயைக் கொட்டுவாள்.

நோன்பு நெருங்கியது. இடியப்ப மாவுக்கு அரிசி குவிந்தது. அப்போதுதான் அவள் வீடிருந்த ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், லைட்டுகள் மங்கத் தொடங்கின. அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் எதிர்வீட்டு ஸப்ராஸ் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒங்கட மெசின் ஓடக்கொள்ள எங்கட லைட் எல்லாம் மங்குது. பொழுதுபட்டா நிப்பாட்டோணும். இது ஒழுங்கைச் சனத்தின்ட முடிவு."

"நானும் இந்த ஒழுங்கைச் சனம்தானே, நானா? என்னட்ட ஆரு கேட்ட? நிப்பாட்ட ஏலா."

"அப்ப கரன்ட் கந்தோருக்குச் சொல்லி வெட்டப் பண்ணுவம்."

"பண்ணுங்க."

கதவைச் சாத்தினாள். பொழுதுபட்டதும் மெசினைப் போட்டாள்.

மறுநாள் காலையில் கரன்ட் அளக்கும் மீற்றரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அஸீஸா ராத்தாவிடம் போனாள். மெசின் நிற்கும்போது ராத்தா வீட்டுப் பிளக்கில் இருநூற்று முப்பது வோல்ட் இருந்தது. ஓடவிட்டதும் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. மெசின் இழுத்த கரன்ட் பத்து அம்பியர். பள்ளிக்கூட விஞ்ஞானம் அவளுக்கு மறக்கவில்லை.

"நாப்பது வோல்ட் வழியில காணாமப் போவுது, ராத்தா. அதப் பத்தால பிரிச்சா நாலு ஓம்."

"என்னத்துக்குப் புள்ள ஓம் சொல்லுறா?"

ராத்தாவுக்கு ஓம் என்றால் ஆமாம் என்று மட்டுமே தெரியும்; நிஃப்லா சிரித்துவிட்டாள். "கம்பி கரன்ட எவ்வளவு தடுக்குதுண்டு சொல்லுற அளவு அது. நல்ல கம்பியில இவ்வளவு வராது. நாப்பதப் பத்தால பெருக்கிப் பாருங்க, நானூறு வோட் வீணாச் சூடாப் போவுது. எங்கயோ ஒரு இடம் ஸ்திரிக்கைப் பெட்டி மாதிரிக் கொதிக்குது."

பிறகு ஒழுங்கை முனைக் கடையில் அளந்தாள். மெசின் ஓடியும் அங்கே வோல்ட் அசையவில்லை. இரண்டாவது தூணுக்கு இப்பால் எல்லா வீட்டிலும் விழுந்தது. அந்தத் தூணின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கம்பிகளைப் பொருத்திய இடம் கறுத்துக் கிடந்தது.

கரன்ட் கந்தோருக்கு, மின்சார அலுவலகத்துக்கு, ஸப்ராஸ் போன் எடுப்பதற்கு முன் அவளே எடுத்து அந்தத் தூணைப் பற்றிச் சொன்னாள். ஆட்கள் வந்து தூணில் ஏறினார்கள். உப்புக்காற்றில் அரித்து, பாதி உருகிய கம்பி இணைப்பைக் கழற்றிக் கீழே போட்டார்கள். புதியதைப் பொருத்தியதும் நிஃப்லா மெசினைப் போட்டாள். ஒழுங்கையில் ஒரு லைட்டும் மங்கவில்லை.

வேடிக்கை பார்க்கக் கூடிய ஒழுங்கைச் சனத்துக்கு நடுவே ஸப்ராஸ் தொண்டையைச் செருமினார். "சரி தங்கச்சி, இனி ராவைக்கும் ஓட்டுங்க. நாங்க ஒண்டும் சொல்லமாட்டம்."

"நீங்க வேணாமெண்டு சொல்லியும் ஓட்டினன்தானே, நானா. அண்டைக்கு இத்தின பேருக்கு முன்னால என்ட மெசின்ல பழி போட்டீங்க. இண்டைக்கும் இவங்களுக்கு முன்னால உண்மையச் சொல்லுங்க."

அவர் மணலைப் பார்த்தார். "மெசின்ல பிழையில்ல."

"கேக்கல்ல."

"மெசின்ல பிழையில்ல!"

நிஃப்லா வாசலில் காத்திருந்த பெண்ணின் அரிசி வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.