சீட்டிக்கு இறங்கிய புறா

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், செல்லூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே அந்தியில் ஒருவர் வந்து நிற்பார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. மூடிய கைக்குள் எதையோ உருட்டிக்கொண்டே இருப்பார். கண் மட்டும் எங்கள் மாடியிலிருந்த புறாக்கூண்டை விட்டு நகராது. அடுத்தவன் புறாவை ஜோடி காட்டி இறக்கி, தன் கூண்டில் அடைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் புறாக்காரர்களின் கைவரிசை. இவரும் அதற்குத்தான் வருகிறார் என்று முடிவு கட்டினேன். நான்காம் நாள் மறித்தேன்.

“தெனமும் இங்க நின்னு என்ன நோட்டம் விடுறீக?”

“அந்தக் கிழட்டு வெள்ளையப் பாக்கத்தான் வாரேன் தம்பி.”

சொல்லிவிட்டு இரண்டு முறை இழுத்துச் சீட்டியடித்தார். ஒருநாளும் என் கைக்கு வராத அந்தப் புறா, சரேலென்று இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது. அவர் கையை விரித்தார். உள்ளே கம்பு.

“எங்க நன்னா, அதான் தாத்தா, பழக்குன சீட்டி. அத்தாவும் இப்புடித்தான் கூப்புடுவாக.”

“இது எங்க அப்பா வளத்த புறா!” என்றேன்.

“வளத்தது அவுகதான். நான் இல்லேங்கலையே.”

கம்பு தீர்ந்ததும் புறாவை எங்கள் மாடிக்கே பறக்கவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

புறாப் பித்து எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. புறாக்கள் அவருக்கு எங்கிருந்து வந்தன என்று, அவர் உயிரோடு இருந்தவரை நான் கேட்டதில்லை.