துரை வீட்டு நுவாரும் நானும்

அடுத்தவர் நாயை வளர்த்துக் கொடுக்கும் வேலையில், அது கடித்தாலும் நம் குற்றம், குரைக்காவிட்டாலும் நம் குற்றம். இந்தப் பிழைப்பில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குப் போன எனக்கு, ஒரு பிரெஞ்சு துரை வீட்டில் அந்த வேலைதான் கிடைத்தது.

மாமர நிழல்

நுவார் என்ற அந்தக் கறுப்பு நாய், நான் சேருமுன்பே தோட்டக்காரரைக் கடித்திருந்தது. இன்னொரு முறை கடித்தால் சுட்டுவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், உச்சி வெயிலில் சங்கிலியில் கிடக்கிறது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. யாருக்குத்தான் கோபம் வராது?

மாமர நிழலுக்கு மாற்றினேன். தண்ணீர் வைத்துவிட்டு, எட்ட உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். வேளை தவறாமல் சோறு, விடிந்ததும் ஆற்றங்கரையில் நடை. மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. ஒரு மத்தியானம் என் பேச்சைக் கேட்டபடியே மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. வியட்நாமியச் சமையல்கார அம்மாள் பா ஹாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அதைக் குறை சொல்லாதே. உன் பேச்சைக் கேட்டால் எனக்கும் தூக்கம்தான் வருகிறது."

வாத்து

கூட்டத்தில் பழக வேண்டுமே என்று சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஒரு கூடையிலிருந்து தப்பிய வாத்து நேரே நுவாரின் காலடியில் வந்து விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வாயில் கவ்விவிட்டால் துரையிடம் என்ன சொல்வேன்?

"அஸ்ஸி!" என்றேன். உட்கார் என்பதற்கு அந்த வீட்டுப் பிரெஞ்சு. நுவாருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, ஆனாலும் உட்கார்ந்துவிட்டது! அங்கேயே கட்டிக்கொண்டு கொஞ்சினேன். வாத்துக்காரம்மா வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நுவாரைக் காட்டிச் சொன்னார்: "தொட்டுப் பார்க்காமல், விலை கேட்காமல் போகிற ஆள் இந்தச் சந்தையில் இவன் ஒருவன்தான்."

கஞ்சி

மழைக்காலத்தில் நுவாருக்குக் காய்ச்சல் கண்டது. இறைச்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வைத்தியர் மருந்து கொடுத்தார். உள்ளே ஏதாவது இறங்கினால்தான் பிழைக்கும் என்றார். அதன் பக்கமே வராத பா ஹாய், கோழி போட்டுக் குழையக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். துரை ஈரத் தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தாங்கிப் பிடித்தார். என் விரலில் எடுத்து நீட்டினேன். வெகுநேரம் கழித்து ஒரு நக்கு. பிறகு இன்னொன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிண்ணம் காலியானதும் துரை பா ஹாயிடம் கேட்டார்: "மிச்சம் இருந்தால் எனக்கும் கொஞ்சம் கொடு, காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை."

மாதா புண்ணியத்தில், அந்த வீட்டில் நான் பழக்க வேண்டியிருந்தது நாயை மட்டும்தான்; மனிதர்கள் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள்.