சூட்டில் எடுத்த அளவு

எங்கள் பட்டறையில் அவளுக்குச் சுருளக்கா என்று பெயர். லேத்துகளுக்கு அடியில் விழும் இரும்புச் சுருள்களைப் பெருக்கி அள்ளுவது அவள் வேலை. புருஷன் இங்கே லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவன். அவன் ஓட்டிய மெஷினுக்கு அடியிலேயே பதினோரு வருஷம் பெருக்கினாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. "இவ்வளவு இரும்பக் குப்பையாக்குறியே தம்பி, மிச்சம் ஏதாவது சாமானா வருதா?" என்று என்னை வாருவாள்.

பெருக்குவதற்கு மெஷின் வரப்போகிறது, ஆறு மாதத்தில் அவளுக்கு வேலை இல்லை என்று சேதி வந்தது. ஒரு டர்னர் இடம் மட்டும் காலி. கடைந்து காட்டித் தேறினால் யாருக்கானாலும் தருவோம் என்றார் ஃபோர்மேன். அன்று மதியமே என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குக் கத்துக்குடு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில்தான் பாடம். இரண்டு மாதம் லேத்தைத் தொடவே விடவில்லை. ஒரு இரும்புக் கட்டியை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவச் சொன்னேன். ராவிய பரப்பில் மூலைமட்டத்தை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு ராவினாள். பிறகு லேத். அந்த அரை மணி நேரத்தில் பெரிதாக என்ன கடைய முடியும்? மெல்லிசாக ஒரு சீவல், ஒரு அளவு, அவ்வளவுதான். கை சுடும் அளவுக்கு ஒருநாளும் கடைந்ததில்லை. அதனால், சூட்டில் இரும்பு பெருத்திருக்கும், ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று சொல்லித்தர எனக்குத் தோன்றவே இல்லை.

தேர்வுக்கு வந்தது இரண்டே பேர். அக்கா, அப்புறம் என் மைத்துனன். அவன் ஒரு வருஷமாக என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். "என் தம்பிக்குக் கெடைக்கலைன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று மனைவி காலையிலேயே விளையாட்டுப்போலச் சொல்லியிருந்தாள்.

இருபத்தைந்து மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு தண்டு, ஒரு மணி நேரம் கெடு. நேரத்துக்குப் பயந்து அக்கா ஆழமாகச் சீவினாள். சுருள் நீலம் பாய்ந்து புகைந்து விழுந்தது. மெஷினை நிறுத்திய கையோடு மைக்ரோமீட்டரை வைத்து அளந்தாள். தண்டில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுத்த மெஷினில் நின்ற நான் பார்த்தேன். 'அக்கா, ஆறட்டும்' என்று இரண்டே வார்த்தை. ஃபோர்மேன்கூட டீ குடிக்கப் போயிருந்தார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவள் சரியாக இருபத்தைந்தில் நிறுத்தி, முகமெல்லாம் பல்லாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஃபோர்மேன் சாவகாசமாக வந்து அளந்தபோது தண்டு ஆறிப்போயிருந்தது. "ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு பங்கு கொறைச்சல். தேறாது."

"நான் பாக்கும்போது சரியா இருந்துச்சே!"

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

மாசக் கடைசியில் சொல்லிக்கொள்ள வந்தாள். என் மைத்துனன் அவள் புருஷனுடைய மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ பக்கத்துலதானே நின்ன. எங்க தப்பு பண்ணேன் தம்பி?"

"தெரியலக்கா."

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்னச் சொல்லிக் குத்தமில்ல. நீ எல்லாம் ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்த. என் கைக்குத்தான் வரல."